உசத்தி ஆயிலும் சூடேறாத இன்ஜினும்: ஒரு பழைய கடல் டீசலின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் படகு தனி ஒரு படகு அல்ல. ஒரே மாதிரிப் புகாரோடு வந்த பழைய இன்ஜின்களின் குறிப்புகளைச் சேர்த்து ஒரே நிகழ்வாக எழுதியிருக்கிறேன். அதனால் இன்ஜினில் எடுத்த அளவீடுகளைத் தனி எண்களாகத் தராமல், தரநிலைகளின் எல்லைகளோடு ஒப்பிட்டு மட்டும் சொல்கிறேன். கையேட்டில் உள்ள ஆயில் கடைகளில் கிடைக்காமல் போனால் அதற்குப் பதில் எதை ஊற்றுவது என்பதுதான் கேள்வி. பழைய கடல் இன்ஜின் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

இன்ஜினும் புகாரும்

நான்கு சிலிண்டர் டீசல், 1970களின் வடிவமைப்பு. டர்போ கிடையாது. எரிபொருள் நேராகச் சிலிண்டருக்குள் போகாமல் முன்னறையில் தெளிக்கப்படும் வகை. கேம்ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளே. கேமின் அசைவை வால்வுக்குக் கடத்துவது தட்டை டாப்பெட்டும் புஷ்ராடும். கடல்நீர் நேராகவே பிளாக்குக்குள் ஓடிக் குளிர்விக்கிறது, ஹீட் எக்ஸ்சேஞ்சர் இல்லை. வெளியேறும் புகையோடு அதே கடல்நீர் கலந்து போகும் ஈர எக்ஸாஸ்ட். கையேடு கேட்பது எஸ்ஏஇ 30 சிங்கிள் கிரேடு (எஸ்ஏஇ எண் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்வது), தரத்தில் அமெரிக்க ஏபிஐ அமைப்பின் சிசி அல்லது சிடி.

உரிமையாளர் பல ஆண்டுகள் 30 கிரேடையே ஊற்றிவந்தார். அது கிடைக்காமல் போனபோது, "பழசுக்கு நல்லதாகவே கொடுப்போம்" என்று கடையில் இருந்ததிலேயே உசத்தியானதை எடுத்தார்: முழு சிந்தெட்டிக் 5டபிள்யூ-30, ஐரோப்பிய ஏசிஇஏ அமைப்பின் சி3 தரம். ஒரு பருவம் ஓடிய பிறகு புகார்கள் வரிசையாக வந்தன. ஐடிலில் ஆயில் பிரஷர் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை வந்தது. கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. கியர் விழவும் தாமதமானது. சிந்தெட்டிக்தான் இன்ஜினைக் கெடுத்துவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். மருந்தாக 20டபிள்யூ-50 கேன் ஒன்றையும் வாங்கிவைத்து, ஊற்றலாமா என்று மட்டும்தான் கேட்டார்.

ஆயில் தேர்வு தவறு என்பதில் சந்தேகமில்லை. அவர் நினைத்த காரணத்தால் அல்ல. கெட்டியான ஆயிலை அன்று ஊற்றியிருந்தால் கேஜ் முள் மேலே ஏறியிருக்கும், கோளாறு உள்ளேயே தங்கியிருக்கும்.

டிப்ஸ்டிக் சொன்னது

பிரஷர் குறைகிறது என்றால் முதல் சந்தேகம் கேஜின் மேல்தான் விழ வேண்டும். பழைய படகுகளில் சென்டரும் (பிரஷரை உணர்ந்து கேஜுக்கு அனுப்பும் பாகம்) அதன் எர்த் வயரும் உப்புக்காற்றில் அரித்துப் பொய் சொல்வது சாதாரணம். சென்டரைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பார்த்தோம். அளவு உண்மையாகவே குறைவுதான்.

அடுத்து டிப்ஸ்டிக். நீலப்புகை விட்டு ஆயிலை எரிக்கும் இன்ஜின், பின்னால் ஒழுகவும் செய்கிறது. ஆனாலும் ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. வழக்கின் திறவுகோல் இந்த முரண்தான். வெளியே போவதைவிட அதிகமாக ஏதோ ஒன்று சம்புக்குள் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்குள்) வருகிறது. அது டீசலாக இருக்கலாம், கடல்நீராக இருக்கலாம், இன்ஜினுக்குள்ளேயே நீராவி குளிர்ந்து சேர்ந்த நீராகவும் இருக்கலாம். (டிப்ஸ்டிக் கோடுகளையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். படகில் இன்ஜின் பின்பக்கம் சாய்ந்து உட்காருவதால், வேறு சாய்வுக்குக் குறித்த கோடு இங்கே தவறான மட்டத்தைக் காட்டும். இந்த இன்ஜினில் கையேட்டின் கொள்ளளவை அளந்து ஊற்றிக் கோட்டை முன்பே சரிபார்த்திருந்தார்கள்.)

வடிகட்டும் தாளில் ஒரு சொட்டு விட்டோம். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றிப் பழுப்பு, அதற்கும் வெளியே நிறமற்ற ஈர வளையம். அந்த வெளி வளையம் டீசலின் அடையாளம். சூடான தகட்டில் இன்னொரு சொட்டு விட்டதும் படபடவென்று வெடித்தது, நீரும் இருக்கிறது. இரண்டும் எங்கிருந்து வருகின்றன?

இந்த வகை இன்ஜினில் டீசல் சம்புக்குள் போக நேர்வழி எரிபொருள் லிஃப்ட் பம்பின் டயாஃப்ரம். அதைக் கழற்றிச் சோதித்தோம், கிழிசல் இல்லை. இன்ஜெக்டர்களில் ஒன்று தெளிக்காமல் சொட்டிக்கொண்டிருந்தது. அது ஒரு பங்கு. ஆனால் தாளில் கண்ட அளவுக்கு அந்த ஒன்று மட்டும் போதாது.

பெரிய பங்கை வெப்பமானி காட்டியது. நன்றாக ஓட்டிவிட்டு வந்த பிறகும் சிலிண்டர் ஹெட் கைச்சூட்டைத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தால் உள்ளே காலி. முன்பு எப்போதோ இன்ஜின் சூடேறியபோது யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். சூடேறியதற்குக் காரணம் அடைபட்ட எக்ஸாஸ்ட் எல்போவாகவோ (புகையும் கடல்நீரும் கலக்கும் வளைகுழாய்) தேய்ந்த இம்பெல்லராகவோ (கடல்நீர் பம்பின் சுழல் இறக்கை) இருந்திருக்கும். தேடிப் பார்க்காமல் பிடுங்குவதுதான் எளிது. அன்று முதல் இந்த டீசல் குளிரிலேயே ஓடியிருக்கிறது.

கடல்நீர்க் குளிர்ச்சி ஆயிலை என்ன செய்யும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்கிறேன். பழைய கடல் இன்ஜினுக்கு ஆயில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

கார் இன்ஜினில் குளிர்விக்கும் நீர் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஆயில் அதற்கும் மேலே போகும். அந்தச் சூட்டில், எரிதலின்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் நீராவியும் கொஞ்சம் எரிபொருளும் ஆவியாகிப் பிரீதர் என்கிற காற்றுப்போக்கி வழியே வெளியேறிவிடும். கடல்நீரையே பிளாக்குக்குள் விடும் இன்ஜினில் அவ்வளவு சூடு வைக்க முடியாது. சூடு கூடக் கூட அந்த நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் நீர்வழிகளில் படிந்து அடைக்கும். ஆகவே இவற்றின் தெர்மோஸ்டாட்டுகள் 55, 60 டிகிரி அளவில் திறக்கும்படி அமைக்கப்படுகின்றன. தெர்மோஸ்டாட் சரியாக இருந்தாலும் இந்த இன்ஜினின் ஆயில் காரின் ஆயிலைவிடக் குளிர்ந்தே வாழ்கிறது. அதையும் பிடுங்கிவிட்டால் கடல் எவ்வளவு குளிர்ச்சியோ இன்ஜினும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

குளிர்ந்த சிலிண்டர் சுவரில் டீசலின் ஒரு பகுதி எரியாமல் ஒட்டும். ரிங் அதை வழித்துச் சம்புக்குள் இறக்கும். நீராவி பிளாக்கின் உட்சுவரில் வியர்த்து வடியும். எரிபொருளில் கந்தகம் இருந்தால் எரிதலில் பிறக்கும் கந்தக ஆக்சைடுகள் அந்த நீரோடு சேர்ந்து அமிலமாகும். பேரிங்கை அரிப்பதும் இன்ஜின் நிற்கும் நாட்களில் சிலிண்டரைத் துருவேற்றுவதும் அந்த அமிலம்தான். கடல் இன்ஜினில் ஓடித் தேய்வதைவிட நின்று துருப்பிடிப்பது அதிகம் என்பது என் கருத்து.

இப்போது கிரேடு எண்களுக்கு வருவோம். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது. எஸ்ஏஇ ஜே300 தரநிலையில் 15டபிள்யூ ஆயிலின் கிராங்கிங் சோதனை மைனஸ் 20 டிகிரியில் நடக்கிறது. 5டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 30 டிகிரியில். படகு மிதக்கும் நீர் உறையாதவரை இந்த வித்தியாசத்தால் இன்ஜினுக்குப் பெரிய லாபம் கிடையாது. டபிள்யூவுக்குப் பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. 30 என்றால் 9.3க்குக் குறையாமலும் 12.5 சென்டிஸ்டோக்கை (பிசுபிசுப்பின் அலகு) எட்டாமலும் இருக்க வேண்டும். 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை.

இந்த இன்ஜினின் சம்பு 100 டிகிரியைப் பார்ப்பதே இல்லை. 40 டிகிரியில் அதே ஆயில்கள் எப்படி இருக்கும்? தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறினாலும், பொதுவாக ஒரு 5டபிள்யூ-30 சிந்தெட்டிக் 70 சென்டிஸ்டோக்கை ஒட்டி இருக்கும். 15டபிள்யூ-40 மினரல் 110ஐ ஒட்டி, 20டபிள்யூ-50 மினரல் 160ஐ ஒட்டி. பழைய சிங்கிள் கிரேடு 30 ஏறத்தாழ 90, 100. அதாவது குளிர்ந்து ஓடும் இன்ஜினில் எந்த நல்ல ஆயிலும் மெலிந்துபோகக் காரணமில்லை. 5டபிள்யூ-30கூட அந்தச் சூட்டில் போதிய கெட்டியாகவே இருக்கும். அப்படியிருந்தும் பிரஷர் விழுந்தது என்றால், ஆயிலை வேறு ஏதோ ஒன்று கரைத்திருக்கிறது. டிப்ஸ்டிக்கும் தாளும் சொன்னது இங்கே பொருந்தி வந்தது.

உரிமையாளர் வாங்கிவைத்த 20டபிள்யூ-50 பற்றி ஒரு வார்த்தை. ஆயில் பம்பில் ரிலீஃப் வால்வு ஒன்று உண்டு; பிரஷர் ஓர் அளவைத் தாண்டினால் அது திறந்து ஆயிலைச் சம்புக்கே திருப்பி அனுப்பும். குளிர்ந்த இன்ஜினில் மிகக் கெட்டியான ஆயில் ஊற்றினால் வால்வு சீக்கிரம் திறந்துகொள்ளும், பேரிங்குக்கும் ராக்கருக்கும் போகும் அளவு குறையும். கேஜ் மட்டும் கம்பீரமாக நிற்கும். ஆயில் பாய எவ்வளவு தடை இருக்கிறது என்பதைத்தான் பிரஷர் காட்டுகிறது. எவ்வளவு பாய்கிறது என்பதை அல்ல. நன்றாகத் தேய்ந்த, வெப்பமான நீரில் நாள் முழுக்கப் பாரம் இழுக்கும் இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 சரியான ஆயிலாக இருக்கலாம். இந்த இன்ஜினுக்கு அல்ல.

லேபிளில் உள்ள எழுத்துகள்

புதிய தரம் என்றால் பழையதைவிட எல்லா வகையிலும் மேல் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆயில் தரங்கள் ஒரே ஏணியின் படிகள் அல்ல.

ஏபிஐ முறையில் சி என்று தொடங்குபவை டீசலுக்கு, எஸ் என்று தொடங்குபவை பெட்ரோலுக்கு. கையேடு கேட்ட சிசி, சிடி இரண்டும் எப்போதோ வழக்கொழிந்தவை. 1994இல் வந்த சிஎஃப், சிடி கேட்கும் இடத்தில் ஊற்றத் தக்கது. மறைமுக எரிபொருள் செலுத்தல் கொண்ட இன்ஜின்களையும், 0.5 சதவீதத்துக்கு மேல் கந்தகம் உள்ள எரிபொருளையும் அது கணக்கில் கொண்டது. 1998இன் சிஎச்-4, 2002இன் சிஐ-4 ஆகியவை கரியைத் தாங்கும் திறனில் முன்னேறின. 2006இல் வந்த சிஜே-4இல் போக்கு மாறியது. டீசல் துகள் வடிகட்டி அடைபடாமல் இருக்க, சல்ஃபேட்டட் சாம்பலுக்கு 1.0 சதவீதம், பாஸ்பரஸுக்கு 0.12 சதவீதம், கந்தகத்துக்கு 0.4 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஐரோப்பிய ஏசிஇஏ சி3 இன்னும் இறுக்கம்: சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பாஸ்பரஸ் 0.07 முதல் 0.09 வரைதான்.

சாம்பலாக மிஞ்சுவது பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த டிடர்ஜென்ட். அமிலத்தை முறிப்பதும் அதுவே. பாஸ்பரஸ் வருவது இசட்டிடிபி என்கிற துத்தநாகச் சேர்மத்திலிருந்து. தட்டை டாப்பெட்டும் கேமும் உரசும் இடத்தில் படலம் போட்டுக் காப்பது அது. வடிகட்டியையும் கேட்டலிஸ்டையும் காப்பாற்ற இரண்டையும் அளவாக வைத்த ஆயிலைத்தான் இவர் வாங்கியிருந்தார். அந்த ஆயிலுக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. அது பிறந்த கார் இன்ஜினில் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் கடல்நீரோடு புகையை வெளியே தள்ளும் இந்தப் படகில் வடிகட்டியும் இல்லை, கேட்டலிஸ்டும் இல்லை. இல்லாத பொருளைக் காப்பாற்ற, இருக்கும் டாப்பெட்டின் பங்கும் அமிலத்தை முறிக்கும் பங்கும் குறைக்கப்பட்டிருந்தன.

அமிலத்தை முறிக்கும் காரக் கையிருப்பை டிபிஎன் என்ற எண் காட்டும். எரிபொருளில் கந்தகம் கூடுதலாக இருந்தால் டிபிஎன் கூடுதலாக வேண்டும். பெரிய கப்பல்களின் எரிபொருளுக்கான உலகளாவிய கந்தக வரம்பு 2020 ஜனவரி 1 முதல் 0.50 சதவீதம், உமிழ்வுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 2015 முதலே 0.10 சதவீதம். சாலை வண்டிகளுக்கு விற்கும் மிகக் குறைந்த கந்தக டீசல் பல இடங்களில் 10, 15 பிபிஎம் அளவுதான். நீங்கள் எந்த டீசலை நிரப்புகிறீர்கள் என்று தெரியாமல் டிபிஎன்னைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. இந்தப் படகு நிரப்பியது சாலை டீசலை. ஆகவே அமிலம் ஒரு கவலைதான், தலைபோகிற கவலை அல்ல.

ஆய்வகம் சொன்னது

பழைய ஆயிலோடு, அதே கேனிலிருந்து புதிய ஆயிலையும் அனுப்பினோம். இதைப் பலர் செய்வதில்லை. செய்யாவிட்டால் அறிக்கையில் வரும் மெக்னீசியம் கடலிலிருந்து வந்ததா, டிடர்ஜென்ட்டிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது.

100 டிகிரியில் பிசுபிசுப்பு 30 கிரேடின் கீழ் எல்லையான 9.3க்கும் கீழே இறங்கியிருந்தது. எரிபொருள் கலப்பு உறுதி. நீர் இருந்தது, ஆனால் சோடியம் ஏறவில்லை, மெக்னீசியமும் புதிய ஆயிலில் இருந்த அளவே. கடல்நீரில் ஒரு பங்கு மெக்னீசியத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல் சோடியம் உண்டு. ஹெட் கேஸ்கெட் விட்டிருந்தாலோ எக்ஸாஸ்ட்டிலிருந்து கடல்நீர் பின்னோக்கி வந்திருந்தாலோ சோடியம் முதலில் காட்டிக்கொடுத்திருக்கும். எனவே அந்த நீர் உள்ளே வியர்த்த நீர். டிபிஎன் பாதிக்கும் கீழே. இரும்பு கூடியிருந்தது, ஈயமும் செம்பும் கொஞ்சம். கேமும் சிலிண்டரும் துருவும் இரும்பில் பங்கு கேட்கும். பேரிங்கின் தாமிர-ஈய அடுக்கு மற்ற இரண்டில். ஒரே அறிக்கையை வைத்து இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்தடுத்த அறிக்கைகளின் போக்கைத்தான் பார்க்க வேண்டும்.

தேர்வு

நான்கு வழிகள் மேசையில் இருந்தன. 20டபிள்யூ-50ஐ ஏன் தள்ளினோம் என்பது மேலே இருக்கிறது. சி3 சிந்தெட்டிக்கிலேயே தொடர்வதற்கும் காரணமில்லை. மீதி இரண்டு: சிஎஃப் தரத்தில் 30 சிங்கிள் கிரேடு, அல்லது மினரல் 15டபிள்யூ-40.

சிங்கிள் கிரேடின் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. பிசுபிசுப்பைக் கூட்டும் பாலிமர் சேர்க்கத் தேவையில்லாததால், காலப்போக்கில் வெட்டுப்பட்டு மெலியும் பேச்சே அதில் இல்லை. ஆனால் ஒழுங்காகக் கிடைக்காத ஆயில் நல்ல தேர்வாகாது. பருவத்தின் நடுவில் டாப்-அப் செய்ய வேறு எதையோ ஊற்ற நேர்ந்தால் கணக்கு எல்லாம் குழம்பிவிடும். 15டபிள்யூ-40 எங்கும் கிடைக்கும். 100 டிகிரியில் 40 கிரேடு என்பதால் கொஞ்சம் எரிபொருள் கலந்தாலும் 30க்குள்தான் இறங்கும். அதிவெப்ப, அதிவெட்டுப் பிசுபிசுப்பில் (கடும் சூட்டிலும் வேகமான உரசலிலும் மிஞ்சும் கெட்டித்தன்மை) 15டபிள்யூ-40க்குக் குறைந்தபட்சம் 3.7 மில்லிபாஸ்கல் விநாடி என்று ஜே300 கேட்கிறது. 30 கிரேடுக்கு 2.9 போதும். பழைய பேரிங்குக்கு அந்தக் கூடுதல் தடிமன் உதவும். எனவே சிஎஃப், சிஎச்-4 இரண்டும் லேபிளில் உள்ள மினரல் 15டபிள்யூ-40 என்று முடிவு செய்தோம்.

"புது டீசல் ஆயில் பழைய இன்ஜினைக் கண்ணாடியாக்கிவிடும்" என்ற பேச்சை உரிமையாளரும் கேட்டிருந்தார். சிலிண்டர் சுவரின் குறுக்குக் கோடுகள் மறைந்து வழவழப்பாகி, ரிங் பிடிக்காமல் ஆயில் மேலேறும் கோளாறைச் சொல்கிறார்கள். கோளாறு உண்மை. பழியைப் பெரும்பாலும் ஆயில் மேல் போடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. பாரமில்லாமல், குளிரில், மணிக்கணக்கில் ஐடிலில் ஓடும் டீசலில் ரிங்கைச் சுவரோடு அழுத்த வாயு அழுத்தம் போதாது. எரியாத எரிபொருள் சுவரில் வார்னிஷாகப் படியும். கண்ணாடியாக்குவது முதலில் இதுதான். பேட்டரி சார்ஜ் செய்ய நங்கூரத்தில் நிறுத்தி ஐடிலில் விடுகிற பழக்கம் எந்தச் சேர்மானத்தையும்விடக் கெடுதல். ஆனால் இன்ஜின் தயாரிப்பாளர் இன்ன தரத்துக்கு மேல் வேண்டாம் என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கு மறுபேச்சு இல்லை.

சிந்தெட்டிக் சீலைச் சுருக்கியதா? இன்றைய சிந்தெட்டிக்குகளில் சீலைப் பதமாக வைக்கும் எஸ்டர் போன்றவற்றைச் சேர்த்தே விற்கிறார்கள். பின்முனைச் சீலின் தேய்மானத்தை இத்தனை நாள் கெட்டியான கசடு அடைத்து மறைத்திருந்தது. நல்ல டிடர்ஜென்ட் அதைக் கழுவியது, டீசல் கலந்து மெலிந்த ஆயில் அந்த வழியாக வெளியே வந்தது.

இந்த முடிவை அப்படியே எடுத்து வேறு இன்ஜினில் ஊற்ற வேண்டாம். 1938இல் அறிமுகமான டெட்ராய்ட் டீசல் 71 வரிசை போன்ற இரு-ஸ்ட்ரோக் டீசல்கள் இன்னும் படகுகளில் ஓடுகின்றன. அவை கேட்பது சிஎஃப்-2 தரத்தில் எஸ்ஏஇ 40 சிங்கிள் கிரேடு, சாம்பல் 1.0 சதவீதத்துக்குள், 15டபிள்யூ-40 அங்கே வழக்கமான ஆயில் அல்ல. நான்கு-ஸ்ட்ரோக் பெட்ரோல் கடல் இன்ஜின்களுக்கு அமெரிக்க என்எம்எம்ஏ அமைப்பின் எஃப்சி-டபிள்யூ முத்திரையைப் பாருங்கள், அதில் துருச் சோதனையும் அடக்கம். இரு-ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3; சாம்பல் விடாத அந்த ஆயிலுக்குப் பதில் கார் ஆயில் கலந்தால் பிளக்கும் பிஸ்டனும் கரியால் மூடும்.

செய்தது

கியர்பாக்ஸ் புதிர் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. அதன் தகட்டில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரவம்) என்று பொறித்திருந்தது; மிச்சமிருந்த இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றியிருந்தார்கள். வடித்து, ஏடிஎஃப் நிரப்பியதும் கியர் சட்டென்று விழுந்தது.

இன்ஜினில் முதல் வேலை தெர்மோஸ்டாட். ஆனால் அதைத் திரும்ப மாட்டினால் பழைய சூடேறும் கோளாறும் திரும்பும் என்பதால், எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றினோம். உள்ளே கரியும் உப்பும் சேர்ந்து வழியைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தன. அதைச் சுத்தம் செய்து, இம்பெல்லர் மாற்றி, பிறகே தெர்மோஸ்டாட்டை மாட்டினோம். சொட்டிய இன்ஜெக்டர் பட்டறைக்குப் போய் வந்தது.

ராக்கர் கவரைத் திறந்து கசடு எவ்வளவு என்று பார்த்தோம். தடிமனாக இல்லை. தடிமனாக இருந்திருந்தால், திடீரென்று கழுவப்பட்டுப் பிக்-அப் சல்லடையை அடைக்கும் பயம் உண்டு. அப்போது சம்பைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் ஆயில் மாற்றுவது ஆபத்து. ஃப்ளஷ் மருந்து எதுவும் ஊற்றவில்லை. படகில் சம்பின் அடிப்பிளக்கை எட்ட முடியாது, டிப்ஸ்டிக் குழாய் வழியே பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும், கொஞ்சம் உள்ளே தங்கும். தங்கும் மருந்து புதிய ஆயிலைக் கெடுக்கும். அதற்குப் பதில் இன்ஜினைச் சூடாக்கி உறிஞ்சி, ஃபில்டர் மாற்றி, சில மணி நேர ஓட்டத்திலேயே முதல் நிரப்பை மறுபடி வெளியே எடுத்தோம். இரண்டாவது நிரப்புதான் வேலைக்கானது. பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்த்ததில் கரி இருந்தது, கண்ணுக்குத் தெரியும் உலோகத் துணுக்கு இல்லை.

ஓட்டும் பழக்கத்திலும் இரண்டு மாற்றங்கள். சார்ஜுக்காக ஐடிலில் விடுவது நின்றது. ஒவ்வொரு பயணத்திலும் சூடேறிய பிறகு கொஞ்ச நேரமாவது நல்ல பாரத்தில் ஓட்ட வேண்டும் என்று சொன்னோம். ஆயிலைப் பருவத் தொடக்கத்தில் மாற்றிவந்தார். இனிப் படகை நிறுத்தப்போகும்போதே மாற்றுவது. அமிலமும் நீரும் கலந்த ஆயிலில் பேரிங்கை மாதக்கணக்கில் ஊறவிட்டு, ஓட்டும் முன் மாற்றுவதால் யாருக்கு லாபம்?

அடுத்த அறிக்கையும் மிச்சமும்

வழக்கமான மாற்ற இடைவெளி முடிந்து எடுத்த மாதிரியில் பிசுபிசுப்பு 40 கிரேடுக்குள்ளேயே நின்றது. தகட்டில் விட்ட சொட்டு வெடிக்கவில்லை. டிபிஎன் பாதிக்கு மேல் மிச்சம். இரும்பு இறங்கியது, செம்பும் ஈயமும் ஏறாமல் நிற்கின்றன. ஐடில் பிரஷர் கையேட்டின் வரம்புக்குள் வந்தது. டிப்ஸ்டிக் மட்டம் இப்போது மெதுவாக இறங்குகிறது. உரிமையாளர் அதைக் கண்டு கவலைப்பட்டார். ஆயிலைக் கொஞ்சம் எரிக்கும் பழைய இன்ஜினில் மட்டம் இறங்குவதுதான் இயல்பு, முன்பு ஏறியதுதான் கவலைக்குரியது என்று விளக்க வேண்டியிருந்தது.

பின்முனை ஒழுகல் குறைந்தது, நிற்கவில்லை. சீலை மாற்ற கியர்பாக்ஸையும் ஃப்ளைவீலையும் இறக்க வேண்டும். அதற்கு இது நேரமல்ல, அடியில் தட்டு வைத்தால் போதும். காலை நீலப்புகையும் குறைந்ததே தவிரப் போகவில்லை. கம்ப்ரஷன் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் மற்ற மூன்றையும்விடத் தாழ்வு. சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தபோது அளவு ஏறியது. கசிவது வால்வில் அல்ல, ரிங்கில். ரிங் ஒட்டியிருந்தால் பாரத்தில் ஓட ஓட விடுபடலாம், சுவரே வழவழப்பாகியிருந்தால் ஹோனிங் (சுவரில் மீண்டும் குறுக்குக் கோடு போடுவது) செய்யாமல் தீராது. ஒரு பருவம் இந்த ஆயிலில், இந்தச் சூட்டில் ஓட்டிவிட்டு மீண்டும் கம்ப்ரஷன் எடுப்பது என்று குறித்து வைத்திருக்கிறோம். 20டபிள்யூ-50 கேன் இன்னும் திறக்கப்படவில்லை.